பழைய விண்டோஸ் சர்வர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வரில் கோளாறு என்றதும் உடனே ரீஸ்டார்ட் செய்வதுதான் பலருடைய வழக்கம். அதனால் சேவை சில நேரம் மீண்டாலும், நினைவகத்தில் இருந்த தடயங்கள் அழிந்து, காரணம் தெரியாமலே போய்விடுகிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரின் பதிவுகளை வேறிடத்தில் சேமித்து, எந்தச் சேவை எப்போது நின்றது என்று பார்த்த பிறகே ரீஸ்டார்ட் செய்யும் முடிவுக்கு வர வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, மெய்நிகர் கணினியில் இயங்கும் டொமைன் கன்ட்ரோலரை (நெட்வொர்க்கின் பயனர் கணக்குகளையும் லாகினையும் நிர்வகிக்கும் சர்வர்) பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு (முன்பு ஒரு நேரத்தில் எடுத்துவைத்த நிலைப்பதிவு) திருப்புவதாகும். விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 வரையிலான பதிப்புகள், தாம் பின்னோக்கிக் கொண்டுசெல்லப்பட்டதைத் தாமாக அறிவதில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆக்டிவ் டைரக்டரி (கன்ட்ரோலர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் கணக்குத் தரவுத்தளம்) வழங்கும் வரிசை எண் பின்வாங்கிவிடுவதால், அந்த எண்கள் ஏற்கெனவே வந்துவிட்டன என்று மற்ற கன்ட்ரோலர்கள் கருதி, புதிய பயனர் கணக்குகளையும் கடவுச்சொல் மாற்றங்களையும் வாங்காமல் விட்டுவிடுகின்றன. ஈவென்ட் வியூவரின் டைரக்டரி சர்வீஸ் பதிவில் 2095 என்ற நிகழ்வு எண் தென்பட்டால் இந்தச் சிக்கலே நேர்ந்திருக்கிறது. அப்போது அந்தக் கன்ட்ரோலரைக் கட்டாயமாகப் பதவியிறக்கி, அதன் மெட்டாடேட்டாவை (டைரக்டரியில் அதைப் பற்றி எஞ்சியிருக்கும் பதிவுகள்) நீக்கி, மீண்டும் சேர்ப்பதே பாதுகாப்பானது. சர்வர் 2012 முதல், ஹைப்பர்வைசரும் (மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருள்) ஒத்துழைத்தால், இதற்குப் பாதுகாப்பு உண்டு. ஆனாலும் ஸ்னாப்ஷாட், டைரக்டரியையும் சேர்த்துச் சேமிக்கும் சிஸ்டம் ஸ்டேட் பேக்கப்புக்கு ஈடாகாது. அந்த பேக்கப்புக்கும் ஆயுள் உண்டு: டூம்ஸ்டோன் காலம் (நீக்கப்பட்டவற்றின் அடையாளத்தை டைரக்டரி வைத்திருக்கும் காலம்) இயல்பாக 180 நாள், மிகப் பழைய ஃபாரஸ்ட்களில் (டொமைன்களின் தொகுப்பு) 60 நாள். அதைக் கடந்த பேக்கப் பயன்படாது.

லாகின் சிக்கல்களில் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப மாற்றுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். நேரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் லாகினைச் சரிபார்க்கும் கெர்பெரோஸ் நெறிமுறை இயல்பாகவே மறுத்துவிடும். டொமைனில் உள்ள கணினிகளுக்கு வெளி டிஎன்எஸ் (பெயரைக் கொண்டு கணினியின் முகவரியைத் தேடித் தரும் சேவை) முகவரியைத் தருவதும் தவறு, ஏனெனில் கன்ட்ரோலரைக் கண்டறியத் தேவையான பதிவுகள் அங்கே இருக்காது.

கோப்புப் பகிர்வுக்கான பழைய எஸ்எம்பி 1 நெறிமுறையை வசதிக்காக விட்டுவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். திருத்தமோ மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. சர்வர் 2003 அந்த நெறிமுறையை மட்டுமே அறியும் என்பதால், அப்படி ஒரு இயந்திரம் இருந்தால் அதற்காக மற்றவற்றில் எஸ்எம்பி 1ஐத் திறந்துவைக்காமல், அதைத் தனி நெட்வொர்க் பிரிவுக்கு மாற்றி, தேவையான போர்ட்டுகளை மட்டும் அனுமதியுங்கள். 2003க்கு 2015 ஜூலையிலும், 2008க்கு 2020 ஜனவரியிலும், 2012க்கு 2023 அக்டோபரிலும் நீட்டிக்கப்பட்ட ஆதரவும் முடிந்துவிட்டதால், புதிய பதிப்புக்கு மாறும் திட்டத்தையும் அப்போதே எழுதத் தொடங்குங்கள்.