ஊர் சுற்றும் ஆசையும் அவசர நிதியும்: இரண்டையும் நான் பிரித்து வைத்த விதம்

பயணத்துக்குச் சேர்த்த பணமும் ஆபத்துக்கு என்று சேர்த்த பணமும் பல வருடங்களாக என்னிடம் ஒரே சேமிப்புக் கணக்கில் கிடந்தன. விமானக் கட்டணம் குறைந்திருப்பதாக போனில் அறிவிப்பு வரும். கணக்கைத் திறந்து பார்ப்பேன், நிறைய இருப்பது போலத் தெரியும். உடனே டிக்கெட் போட்டுவிடுவேன். அப்படி ஒரு பயணம் முடித்துத் திரும்பிய இரண்டாவது வாரம் எனக்கு வேலை போனது. மூன்று மாதம் வாடகையும் மளிகையும் கிரெடிட் கார்டில் ஓடின. அந்தக் கடனை அடைக்க ஒன்றரை வருடம் பிடித்தது. அந்த ஒன்றரை வருடமும் நான் எங்குமே போகவில்லை.

அவசர நிதி சேர்த்தால் பயணம் குறைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அது இல்லாததால்தான் என் பயணங்கள் நின்றன. அதன் பிறகு நான் செய்து பார்த்து, இன்றும் தொடர்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: ஒரு மாதம் வண்டி ஓட எவ்வளவு வேண்டும்?

வருமானம் நின்றாலும் நிறுத்த முடியாத செலவுகளை மட்டும் கூட்டுங்கள்: வாடகை, சாப்பாடு, மின்சாரம், மருந்து, கடன் தவணை, உங்களை நம்பியிருப்பவர்களுக்குக் கொடுப்பது.

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதல் தடவை, கடைசி 3 மாத வங்கி ஸ்டேட்மென்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டேன். வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவு எதுவும் அந்த 3 மாதத்தில் வரவில்லை. அப்புறம் காப்பீட்டு பிரீமியம் கட்டும் மாதம் வந்தது, அவசர நிதியில் கைவைத்தேன். அடுத்து வண்டி சர்வீஸ், மறுபடியும் கைவைத்தேன். பிரீமியம் தேதி ஒரு வருடம் முன்பே தெரியும், அதில் அவசரம் என்று எதுவும் இல்லை.

ஆகவே 12 மாத ஸ்டேட்மென்டையும் பிரின்ட் எடுங்கள். சிவப்புப் பேனாவால் நிறுத்த முடியாததைச் சுழியுங்கள், பச்சைப் பேனாவால் பயணச் செலவுகளைச் சுழியுங்கள். சிவப்பில் வருடச் செலவுகள் எவை என்று பார்த்து, அவற்றைக் கூட்டி 12ஆல் வகுத்து, மாதச் செலவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 12ஆல் வகுத்து வந்த அந்தத் தொகையை மாதாமாதம் தனியே எடுத்தும் வையுங்கள். செலவுகளைத் தானாகவே பிரித்துக் காட்டும் ஆப்கள் இருக்கின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. கையால் சுழித்தபோதுதான் பச்சை எவ்வளவு என்பது மனதில் பதிந்தது.

வந்த மாதத் தொகையை, நிலையான சம்பளம் என்றால் 3ஆல் பெருக்குங்கள். குடும்பத்துக்கு ஒரே வருமானம் என்றாலோ சொந்தத் தொழில் என்றாலோ 6ஆல் பெருக்குங்கள். அதுதான் உங்கள் இலக்கு.

படி 2: இரண்டு கணக்கு, இரண்டு வங்கி

ஒரே வங்கியில் இரண்டு கணக்கு வைத்தால் ஒரே திரையில் இரண்டும் தெரியும், மாற்றவும் இரண்டு நொடி போதும். அவசர நிதியை வேறு வங்கியில் வையுங்கள். டிக்கெட் தளங்கள் எதிலும் அந்த வங்கியின் கார்டைப் பதிவு செய்யாதீர்கள். பங்கு, பங்கு சார்ந்த ஃபண்ட் எதிலும் இந்தப் பணம் போகக் கூடாது. வேலை போகும் காலத்திலேயே சந்தையும் இறங்கியிருக்கலாம். ஒரு மாதச் செலவைச் சேமிப்புக் கணக்கிலும், மீதியை நினைத்தபோது உடைக்கக்கூடிய வைப்பு நிதியிலும் வைத்திருக்கிறேன்.

படி 3: எதற்கு எவ்வளவு?

வருமானத்தை 100 பங்காக வைத்துக்கொள்வோம். அவசியச் செலவு 60, மிச்சப்படுத்த முடிவது 20. மூன்று மாத அவசர நிதிக்கு 180 பங்கு வேண்டும். பயணமே இல்லாமல் முழுதும் அதில் போட்டால் 9 மாதம் ஆகும்.

நான் செய்தது இது: முதல் 3 மாதம் 20ஐயும் அவசர நிதியில் போட்டு, ஒரு மாதச் செலவான 60ஐச் சேர்த்தேன். அதன் பிறகு 14 அவசர நிதிக்கு, 6 பயணத்துக்கு. மீதி 120 சேர 9 மாதம் ஆனது. மொத்தம் 12 மாதம். 3 மாதம் தாமதம்தான், ஆனால் பயணக் கணக்கில் 54 பங்கு சேர்ந்துவிட்டது, கிட்டத்தட்ட மூன்று மாதச் சேமிப்பு. இலக்கை எட்டியதும் விகிதத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால், ஒரு மாதச் செலவைச் சேர்த்த கையோடு முதலில் அதை அடையுங்கள். எந்தச் சேமிப்பும் அந்த வட்டிக்கு ஈடு கொடுக்காது. சம்பளம் வந்த மறுநாளே இரண்டு கணக்குக்கும் தானாகப் பணம் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள்.

படி 4: கைவைக்கும் முன் மூன்று கேள்வி

எதிர்பாராததா? தள்ளிப்போட முடியாததா? விட்டால் உடம்புக்கோ, குடியிருக்கும் இடத்துக்கோ, வருமானத்துக்கோ கேடு வருமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் மட்டும் எடுங்கள். மலிவு டிக்கெட் எதிர்பாராததுதான், ஆனால் மற்ற இரண்டில் தோற்றுவிடும். வெளியூரில் நண்பரின் கல்யாணம் முதல் கேள்வியிலேயே தோற்கும், அதைப் பயணக் கணக்கு பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதி அந்த வங்கியின் பாஸ்புக்கில் செருகி வைத்திருக்கிறேன்.

படி 5: டிக்கெட் போடும் முன்

போக, வர, தங்க, சாப்பிட, சுற்ற எல்லாம் கூட்டி, மேலே 15 சதவீதம் போடுங்கள். பயணக் கணக்கில் அவ்வளவும் சேர்ந்த பிறகுதான் முன்பதிவு. பயணக் காப்பீடு எடுத்தாலும், பல பாலிசிகளில் முதலில் நம் கையிலிருந்து கட்டிவிட்டு, ரசீது காட்டித்தான் பிறகு திரும்பப் பெற வேண்டும். அந்த இடைவெளிக்கும் அவசர நிதிதான் தோள் கொடுக்கும்.

பின்சேர்க்கை 1: படி 2ஐப் பின்பற்றிய ஒருவர் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டதாகக் கருத்தில் எழுதியிருந்தார். பணம் இருந்தது, ஆனால் ஓடிபி ஊரில் வைத்துவிட்டு வந்த சிம்முக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் யோசிக்காமல் விட்டது இது. கிளம்பும் முன் அந்த சிம்மில் ரோமிங் வேலை செய்கிறதா, கார்டு வெளிநாட்டில் இயங்க அனுமதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வங்கியின் கார்டை எடுத்துப் போங்கள், ஆனால் பர்ஸில் வேண்டாம், வேறு பையில்.

பின்சேர்க்கை 2: மாதத்துக்கு மாதம் வருமானம் மாறுபவர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். போன வருடத்தில் மிகக் குறைவாக வந்த மாதத்தை 100 பங்காக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வருவதில் பாதியை அவசர நிதியில் போடுங்கள்.

பின்சேர்க்கை 3: "பயணம் முன்பதிவாகிவிட்டது, அதற்குள் அவசர நிதியை எடுக்க வேண்டி வந்துவிட்டது, என்ன செய்வது?" ஒரு மாதச் செலவாவது கையில் மிஞ்சினால் போய்விட்டு வாருங்கள், திரும்பியதும் 14:6க்கு வந்துவிடலாம். மிஞ்சவில்லை என்றால், திரும்பக் கிடைக்கும் முன்பதிவுகளை முதலில் ரத்து செய்யுங்கள். டிக்கெட் தேதியை மாற்ற முடியுமா என்று அன்றைக்கே கேளுங்கள், புறப்படும் நாள் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் பெரும்பாலும் ஏறத்தான் செய்யும்.