பெண்கள் குழுவுக்கு ஒரு தறி: முதல் பாவில் நாற்பது துண்டு

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் பெண்கள். அப்படியிருந்தும், தார் (குறுக்கு நூல் குழல்) சுற்றுவது, பாவு (நீளவாட்டு இழைகள்) பிணைப்பது போன்ற வேலைகள் பல நெசவு வீடுகளில் சமையலோடு சேர்ந்த வீட்டு வேலையாகவே போய்விடுகின்றன. குழு தொடங்குபவர்கள் முதல் நாளே முடிவு செய்ய வேண்டியது இது: தறியில் ஏறுவதற்கு முன் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் கூலி உண்டு.

பட்டுச் சேலையில் தொடங்காதீர்கள். பாவில் பணம் முடங்கும். ஒரு பிழை வந்தால் முழுச் சேலையும் போகும். 20-ஆம் நம்பர் பருத்தி நூலில் சாதா நெசவுத் துண்டு போதும். பாவு இழைகளை ஏற்றி இறக்கும் விழுது இரண்டு, அவற்றைக் காலால் இயக்கும் மிதி இரண்டு. பழுதானாலும் ஒரு துண்டோடு முடியும். தரையில் குழி தோண்டி அமைக்கும் குழித்தறியில் மண்ணின் ஈரம் இழைக்கு நல்லதுதான், ஆனால் மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறும் ஊரில் தரைமேல் மரச்சட்டத்தில் நிற்கும் சட்டத்தறியே ஏற்றது. கழற்றி வேறு வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியும்.

30 அங்குல அகலம், 60 அங்குல நீளத் துண்டு என்று வைத்துக்கொள்வோம். நெய்யும்போது துணி உள்வாங்கும் என்பதால் அச்சில் (பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு) 32 அங்குலம் வேண்டும். அங்குலத்துக்கு 40 இழை, ஆக 1,280 இழை. நெசவில் குறையும் நீளமும் சேர்த்து ஒரு துண்டுக்கு 1.75 மீட்டர் வீதம் 40 துண்டுக்கு 70 மீட்டர். தறியில் கட்டுவதற்கும் கடைசியில் நெய்ய முடியாமல் நிற்கும் பாவுக்கும் 1.5 மீட்டர் சேர்க்கவும். 20-ஆம் நம்பர் நூல் கிலோவுக்குச் சுமார் 33.9 கிலோமீட்டர் ஓடும். அப்படியானால் பாவுக்கு 2.7 கிலோ, அங்குலத்துக்கு 36 ஊடை (குறுக்கிழை) வைத்தால் ஊடைக்கு 2.1 கிலோ. கழிவோடு 5.1 கிலோ சிட்டா நூல் (வளையக் கட்டாகச் சுற்றிய நூல்) வாங்குங்கள். சாயநூல் என்றால் ஈரப்படுத்தி வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கஞ்சியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 2.7 கிலோ பாவு நூலுக்கு 250 கிராம் அரிசி மாவைக் கட்டியில்லாமல் காய்ச்சி, இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, சிட்டாக்களை நனைத்துப் பிழிந்து, உதறி உலர்த்துங்கள். கஞ்சி தடித்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போதே அறும். நீர்த்துப்போனால் அச்சில் உரசி பஞ்சு பறக்கும். எண்ணெய் விடாத நூல் விறைத்து விழுதில் முறியும். அடைமழை நாளில் கஞ்சி போடவே வேண்டாம். உலராமல் புளித்து நாறும்.

பாவு ஓட்டும்போது, அதாவது இழைகளை நீளமாக இழுத்து அடுக்கும்போது, எல்லா இழையும் ஒரே இழுப்பில் வர வேண்டும். ஒரு பட்டை தளர்ந்திருந்தால் அங்கே நாடா (ஊடையைக் கொண்டுபோகும் ஓடம்) இடறி இழையை அறுக்கும். பழி நெய்பவர்மேல் விழும், பிழையோ பாவு ஓட்டியதில் இருக்கும். கரை உள்ளே இழுபட்டால் ஊடை இறுக்கமாகப் போகிறது என்று பொருள். அகலத்தை விரித்துப் பிடிக்கும் குச்சியை இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒருமுறை நகர்த்திக் குத்துங்கள். தாரைத் தடிமனாகச் சுற்றினால் நூல் சரிந்து சிக்கும்.

இனி கூலிக் கணக்கு. நிமிடத்துக்கு 60 ஊடை ஓடினாலும் ஒரு துண்டின் 2,160 ஊடைக்கு 36 நிமிடம் ஆகும். தார் மாற்றுவதும் அறுந்ததை முடிவதும் சேர்ந்தால் கைதேர்ந்தவருக்கே ஒரு மணி நேரம் தாண்டும். புதியவருக்கு இரட்டிப்பு நேரம். முதல் பாவு முழுவதும் யார், எந்த வேலை, எத்தனை மணி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மொத்த மணிக்கான கூலி, நூல், சாயம், தறித் தேய்மானம் எல்லாவற்றையும் கூட்டி, விற்கத் தக்க துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அடக்கவிலை வரும். நாற்பதால் வகுக்காதீர்கள், இரண்டு மூன்று கட்டாயம் பழுதாகும்.

விசைத்தறித் துண்டின் விலையோடு போட்டி போட வேண்டாம். 1985-ஆம் ஆண்டுச் சட்டம் துண்டைக் கைத்தறிக்கு ஒதுக்கியிருந்தாலும் சந்தையில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. கைத்தறி முத்திரை பெற்று விற்பதே வழி. நெசவாளர் அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் அந்தந்தப் பெண்ணின் பெயரிலேயே இருக்கட்டும். கணவர் பெயரில் இருந்தால் கடனும் உதவியும் இவர் கைக்கு வராது. விற்பதற்கு முன் ஒரு துண்டைத் துவைத்துக் காயவைத்து அளந்து, சுருங்கிய அளவையே சீட்டில் எழுதுங்கள்.