'பின்' என்று சொல்லும் முன்

அமெரிக்காவில் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டு இங்கிலாந்துக்கு வீடு மாறி வந்த வாரம் அது. மூடி போட்ட இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளை உள்ளே வைக்க இடமில்லாமல், கதவுக்கு வெளியே நடைவழியில் வைத்திருந்தேன். கட்டடத்தைப் பராமரிப்பவர் வந்து, இவை என்ன என்று கேட்டார். "என் பின்கள்தான்" என்றேன். அமெரிக்காவில் அந்தப் பெட்டியை ஆங்கிலத்தில் 'பின்' (bin) என்றுதான் சொல்லிப் பழகியிருந்தேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். மறுநாள் குப்பை எடுக்கும் நாள். காலையில் கதவைத் திறந்தால் பெட்டிகள் இரண்டும் இல்லை. ஒன்றில் இருந்தவை போர்வைகள், போனால் போகட்டும். இன்னொன்றில் என் பட்டச் சான்றிதழும் அம்மா எழுதிய கடிதங்களும் இருந்தன. சான்றிதழுக்கு நகல் வாங்க ஐந்து மாதம் அலைந்தேன். கடிதங்களுக்கு நகல் ஏது?

அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவருடைய ஆங்கிலத்தில் நான் சொன்ன சொல்லுக்குக் குப்பைத்தொட்டி என்றுதான் பொருள். புதிதாக வரும் வேறு யாருக்கும் இப்படி நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஒரு சொல்லைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

பழைய ஆங்கிலத்தில் 'பின்' என்பது மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டி. பிறகு தானியம் கொட்டிவைக்கும் குதிருக்கும் அதுவே பெயராயிற்று. 19ஆம் நூற்றாண்டில், வீட்டுக்கு வீடு நிலக்கரி எரித்த காலத்தில், அடுப்புச் சாம்பலைக் கொட்டும் தொட்டியை 'டஸ்ட்பின்' என்றார்கள். அங்கே 'டஸ்ட்' என்றது பெரும்பாலும் சாம்பலைத்தான். இன்று பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் முன்னொட்டு எதுவும் இல்லாமல் 'பின்' என்றாலே குப்பைத்தொட்டி. அமெரிக்காவில் அந்த இடத்தை 'ட்ராஷ் கேன்', 'கார்பேஜ் கேன்' என்ற சொற்கள் எடுத்துக்கொண்டன. அதனால் 'பின்' அங்கே பொருள்களைப் போட்டு வைக்கும் பெட்டியாகவும் இருக்கிறது.

நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. நம் 'தொட்டி'யும் இப்படித்தான்: தண்ணீர்த்தொட்டி, பூந்தொட்டி, குப்பைத்தொட்டி. முன்னால் நிற்கும் சொல்லே பொருளை முடிவு செய்கிறது. ஆகவே 'பின்' காதில் விழுந்தால் அதற்கு முன்னால் என்ன வந்தது என்று கவனியுங்கள். 'ஸ்டோரேஜ் பின்' என்றால் சேமிக்கும் பெட்டி. 'ரீசைக்கிளிங் பின்' மறுசுழற்சிக்குப் போகும் பொருள்களுக்கு. பிரிட்டனில் 'பிரெட் பின்' ரொட்டி வைப்பதற்கு. அதில் குப்பையைப் போட்டுவிடாதீர்கள். 'வீலி பின்' என்றால் வீட்டு வாசலில் நிற்கும், சக்கரம் வைத்த பெரிய குப்பைத்தொட்டி. எந்த நிறத் தொட்டியில் எதைப் போடுவது, எந்தக் கிழமை வெளியே வைப்பது என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். வந்த முதல் நாளே பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல் வினையாகவும் வரும். பிரிட்டனில் மேலாளர் ஒரு தாளைக் காட்டி 'பின் இட்' என்றால், அதைத் தூக்கிப் போடு என்கிறார். பெட்டியில் பத்திரப்படுத்தச் சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் 'கீப்' செய்யவா, 'த்ரோ' செய்யவா என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

உச்சரிப்பில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. குப்பைத்தொட்டியையும் குண்டூசியையும் வங்கி அட்டையின் ரகசிய எண்ணையும் தமிழில் 'பின்' என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் தொட்டிக்கு வருவது 'பம்பரம்' என்ற சொல்லில் இரண்டாவதாக வரும் ப. மற்ற இரண்டுக்கும் வருவது முதல் ப. பம்பரம் என்று இரண்டு முறை மெல்லச் சொல்லிப் பாருங்கள், வேறுபாடு உதட்டிலேயே தெரியும்.

விமானப் பயணத்திலும் இந்தச் சொல் எதிர்ப்படும். அமெரிக்க விமான நிலையத்தின் சோதனை வரிசையில் உங்கள் பையையும் பெல்ட்டையும் 'பின்'னில் வைக்கச் சொல்வார்கள். திடுக்கிட வேண்டாம், அது தட்டுதான். பிரிட்டனில் அதை 'ட்ரே' என்பார்கள். இருக்கைக்கு மேலே பை வைக்கும் இடம் அமெரிக்கர்களுக்கு 'ஓவர்ஹெட் பின்', பிரிட்டன்காரர்களுக்கு 'ஓவர்ஹெட் லாக்கர்'. கணினித் திரையில் 1995 முதல் இருக்கும் விண்டோஸின் 'ரீசைக்கிள் பின்' எல்லா ஊரிலும் அழித்த கோப்புகளுக்கான இடமே.

கிடங்கு வேலைக்குச் செல்கிறவர்களுக்கு இன்னொரு பொருளும் தெரிந்திருக்க வேண்டும். அங்கே 'பின்' என்பது அலமாரியில் ஒரு பொருளுக்கு ஒதுக்கிய இடம், எண் போட்டிருப்பார்கள். 'டோட்' என்றால் பொருள்களை எடுத்துச் செல்லும் பிளாஸ்டிக் பெட்டி, 'கார்ட்டன்' அட்டைப்பெட்டி, 'க்ரேட்' சட்டமடித்த மரப்பெட்டி அல்லது பிளாஸ்டிக் கூடை.

மற்ற சொற்களில் அதிகம் குழப்புவது 'டிரங்க்'. டிரங்குப் பெட்டி நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் அமெரிக்காவில் அது காரின் பின்பக்கச் சாமான் அறை. பிரிட்டனில் அதன் பெயர் 'பூட்'. 'ஹாம்பர்' அமெரிக்காவில் அழுக்குத்துணிக் கூடை, பிரிட்டனில் பரிசாகத் தரும் தின்பண்டக் கூடை. சாமான் அனுப்பும் நிறுவனத்திடம் 'கன்டெய்னர்' என்று சொன்னால் 20 அடி, 40 அடி இரும்புப் பெட்டியை நினைத்துக்கொள்வார்கள்.

இத்தனைக்கும் நடுவே எந்த நாட்டிலும் தவறாகப் போகாத சொல் ஒன்று இருக்கிறது: 'பாக்ஸ்'. வைத்துக்கொள்ள வேண்டிய பெட்டியை எங்கே போனாலும் அப்படியே சொல்லுங்கள். வீடு மாறும்போது ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி, அதன் கீழே பெரிய எழுத்தில் 'கீப்' என்றும் எழுதுங்கள். சான்றிதழ்களையும் கடிதங்களையும் மட்டும் எந்தப் பெட்டியிலும் போடாதீர்கள். கைப்பையில் வைத்து நீங்களே சுமந்து வாருங்கள்.