வெள்ளிக் காசின் நிறம்: தானாகப் படிந்ததா, ஏற்றி வைத்ததா?

பழைய வெள்ளிக் காசொன்று நீலமும் ஊதாவும் பொன்னுமாக மின்னினால் விலை ஏறிவிடுகிறது. அதனால் நிறத்தைச் செய்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். காசைக் கையில் எடுத்ததும் நிறத்தில் மயங்காமல், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். திருநீறு போட்டுத் தேய்த்த கீறல், பதக்கமாகத் தொங்கவிட ஒட்டிய வளையத்தை அறுத்த வடு, பழப்புளியில் ஊறி மினுக்கம் செத்துப்போன பரப்பு, இப்படி எதையோ மூடத்தான் பெரும்பாலும் நிறம் ஏற்றுவார்கள்.

இரண்டு வகை நிறத்துக்கும் வேதியியல் அநேகமாக ஒன்றே. ஐதரசன் சல்பைட்டு வாயு, ஈரமும் காற்றும் சேர்ந்த இடத்தில் வெள்ளியோடு கூடி வெள்ளி சல்பைட்டாகிறது. வாவியோரத்தில் தண்ணீர் வற்றும்போது கண்டல் சேற்றிலிருந்து எழும் அழுகிய முட்டை நாற்றம் இந்த வாயுதான். வேறுபடுவது வேகம். அலுமாரியில் முப்பது நாற்பது ஆண்டில் படிவதை ஒருவர் ஒரு பின்னேரத்தில் படியவைக்கிறார். அவசரத்தில் செய்த வேலை தடயம் விட்டுத்தான் போகும்.

சல்பைட்டுக்கு நீலச் சாயமோ ஊதாச் சாயமோ கிடையாது. மழைத் தண்ணீரில் மண்ணெண்ணெய் மிதந்தால் நிறம் காட்டுவதைப் போல, மெல்லிய படலத்தின் தடிப்பைப் பொறுத்து ஒளி நிறம் மாறுகிறது. படலம் தடிக்கத் தடிக்க வெளிர் மஞ்சள், பொன், செம்பழுப்பு, கருஞ்சிவப்பு கலந்த ஊதா, நீலம், வெளிர்நீலம் என்று போகும். பிறகு மறுபடி மஞ்சள், ஊதா, பச்சை வந்து, கடைசியில் கரும்சாம்பலில் முடியும். இந்த வரிசையை மனப்பாடம் செய்யுங்கள். கடதாசி உறையிலோ அல்பத்திலோ இருந்த காசுக்கு காற்று ஓரத்தால்தான் நுழையும். அதனால் விளிம்பில் நீலம், உள்ளே ஊதா, அதற்குள் பொன், நடுவில் வெள்ளை என்று வளையங்கள் இறங்கும். நீலத்தை அடுத்து ஊதாவே இல்லாமல் நேராகப் பொன் நின்றால், படலம் ஒரே இடத்தில் படிக்கட்டு மாதிரி இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட காசைச் சந்தேகப் பட்டியலில் வையுங்கள்.

பார்க்கும் முறை

அறையின் குழல்விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு மின்குமிழை மட்டும் எரியவிடுங்கள். காசின் விளிம்பைப் பிடித்து, குமிழுக்கு ஓர் அடி கீழே வைத்து மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். புழங்காத காசென்றால் அச்சு மினுக்கம் வண்டிச் சக்கரத்தின் ஆரைக்கால்கள் போல் பரப்பில் சுற்றி ஓட வேண்டும். நல்ல நிறத்துக்கு அடியிலும் அது ஓடும். நிறம் மேலே வண்ணப்பூச்சு போல மிதந்து, அடியில் ஓட்டமே இல்லையென்றால், முதலில் மினுக்கம் அழிந்தது, பிறகு நிறம் வந்தது.

அடுத்தது 10 மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடி, நகைக்கடைகளில் வைத்திருப்பது போதும். எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். மெல்லப் படிந்த காசுகளில் பலவற்றில் எழுத்தையும் தலையையும் சுற்றி வெளிறிய மெல்லிய கரை தெரியும். அச்சடிக்கும்போது அங்கே உலோகம் வேறுவிதமாக ஓடியிருப்பதால் நிறமும் வேறுவிதமாகப் படிகிறது. கரைசலில் முக்கி நிறமேற்றிய காசில் நிறம் எழுத்தென்றும் தளமென்றும் பாராமல் ஒரே சீராக ஏறி, பள்ளங்களில் தேங்கி நிற்கும்.

கீறல்களை வாசிப்பது இன்னும் பயனுள்ளது. நிறத்தை வெட்டிக்கொண்டு வெள்ளையாகத் தெரியும் கீறல் நிறத்துக்குப் பின் வந்தது. கீறலுக்குள்ளும் நிறம் இருந்தால் கீறல் முந்தியது. ஒரே திசையில் ஓடும் நுண்கீறல்கள் நிறத்துக்கு அடியில் கிடந்தால் காசு ஒருகாலத்தில் தேய்க்கப்பட்டது. ஆனால் இந்த ஒன்றை வைத்து நிறம் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஐம்பது வருடத்துக்கு முன் பாட்டி சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டுப் பெட்டகத்தில் போட்ட காசும் அப்படித்தான் இருக்கும். அங்கே நிறம் உண்மை, காசு தேய்த்தது. விலை தேய்த்த காசின் விலைதான்.

நன்றாகப் புழங்கிய காசில் பள்ளம் கறுத்து, மேடு வெளிறி இருக்க வேண்டும். அரசர் தலையின் கன்னமும் கிரீடமும் பள்ளத்தைப் போலவே பளபளவென்று நீலமாக இருந்தால், புழக்கம் நின்ற பிறகு எல்லாம் ஒன்றாய் வந்திருக்கிறது. கந்தக நாற்றமோ வெளுப்புத் திரவ மணமோ இருந்தால் கதை முடிந்தது. மணம் இல்லாதது மட்டும் சாட்சியாகாது, சில வாரங்களில் அது போய்விடும்.

நிறையையும் வெள்ளியின் அளவையும் பாருங்கள், நிறைக்கு 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். 1892இல் தொடங்கிய இலங்கை 50 சதம் 5.83 கிராம், நூற்றுக்கு 80 வெள்ளி. 1919 முதல் வந்த வெள்ளி 50 சதங்களில் 55தான், மீதியில் பெரும்பகுதி செம்பு. அந்தக் காசு இயல்பாகப் பழுப்பாகவும் மங்கலாகவும்தான் மாறும். தேய்ந்த 1920களின் 50 சதத்தில் வானவில் தெரிந்தால் கேள்வி கேளுங்கள். பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம், 1939 வரை 91.7 வீத வெள்ளி, 1940 முதல் 1945 வரை பாதிதான். 1957 புத்த ஜயந்தி 5 ரூபா 92.5 வீதம், நிறை ஏறத்தாழ 28.28 கிராம். பெரிய தளமாதலால் அதில் அழகான நிறம் படியும், அதே காரணத்துக்காகப் போலி நிறத்துக்கும் அகப்படும்.

கரையோரத்தில் இன்னொரு கதை கேட்கலாம்: காசு சுனாமியில் நனைந்ததால் இந்த நிறம் வந்தது என்று. உப்புநீர் வெள்ளியில் குளோரைட்டைத்தான் உண்டாக்கும். அது மினுக்கமில்லாத சாம்பல் ஊதா, சிலவேளை பரப்பைச் சொரசொரப்பாக அரித்திருக்கும். கடல் வானவில் தராது.

அசற்றோன் சோதனை

சந்தேகம் தீராவிட்டால் தூய அசற்றோன் எடுங்கள். வாசனையும் எண்ணெயும் கலந்த நகப்பூச்சு நீக்கி வேண்டாம். கண்ணாடிக் கிண்ணத்தில் 50 மில்லிலீற்றர் ஊற்றிக் காசை ஐந்து நிமிடம் விடுங்கள். தேய்க்கக் கூடாது. இரண்டாவது கிண்ணத்தில் புதிய அசற்றோனில் ஒருமுறை அலசி, தானாகக் காயவிடுங்கள். உண்மையான சல்பைட்டை அசற்றோன் தொடாது. மையோ வார்னிசோ என்றால் கரைந்து இறங்கும். பிளாஸ்டிக் கிண்ணம் இளகிவிடும், அடுப்புள்ள இடத்தில் செய்தால் தீப்பிடிக்கும். ஆனால் வாயுவால் ஏற்றிய நிறமும் சல்பைட்டே என்பதால் இந்தச் சோதனையில் தப்பிவிடும்.

கண்ணைப் பழக்க ஒரு வழி இருக்கிறது. நகைப் பட்டறையில் 92.5 வெள்ளி வெட்டுத்துண்டு ஒன்று வாங்கி, அசற்றோனில் கழுவி, மூடியுள்ள போத்தலில் சூடான அவித்த முட்டைப் பாதியோடு, முட்டையில் படாமல் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மஞ்சளிலிருந்து ஊதாவுக்கு வரிசை ஓடுவது தெரியும். மஞ்சள்கருப் பக்கம் கறுத்து மறுபக்கம் வெளிறும், ஆவி நீராகப் பட்ட இடம் வட்டப் புள்ளியாய் நிற்கும். கைரேகை பட்டிருந்தால் அதுவும் அச்சாகும். சந்தையில் காசில் இந்த வட்டப் புள்ளிகளைக் கண்டால் உடனே அடையாளம் தெரியும்.

முடிவு வராத காசுகள் இருக்கும். காசுகளுக்குத் தரம் குறிக்கும் அமெரிக்க நிறுவனங்களே சிலவற்றைக் கேள்விக்குரிய நிறம் என்று குறித்து, வழக்கமான தரம் கொடுக்காமல் விடுகின்றன. அப்படியொன்றை வாங்குவதானால் நிறமில்லாத காசின் விலையைத்தான் கொடுங்கள். நிறம் பொய் என்று தெரிந்தாலும் கழற்ற முயல வேண்டாம். வெள்ளி மினுக்கும் அமிலக் கரைசல் சல்பைட்டோடு காசின் மேற்பரப்பையும் கொண்டுபோகும், அடியில் மூடிவைத்த கீறல் வெளியே வரும்.

நல்ல நிறம் வந்த காசு கறுக்காமல் இருக்க வேண்டுமென்றால், வாடைக் காற்றோடு மாரி தொடங்குமுன், அதாவது ஐப்பசிக்குள், பெட்டியில் ஈரம் உறிஞ்ச வைத்த சிலிக்கா ஜெல்லை மாற்றிவிடுங்கள். ஒரு சிறு பெட்டிக்கு 50 கிராம் போதும். நிறம் மாறியதை 110 - 120 பாகை செல்சியஸ் சூட்டில் ஒன்றிரண்டு மணிநேரம் காயவைத்து மறுபடி போடலாம். அரிசி வேண்டாம், தூள் ஒட்டும். மென்மையான வினைல் உறை பச்சைப் பிசினைக் கசியவிடும், பொலிப்புரப்பிலீன் உறையே நல்லது. றப்பர் பட்டியில் கந்தகம் இருப்பதால், பட்டி போட்டுக் கட்டிய பொட்டலத்திலிருந்து குறுக்கே ஒரு கறுப்புக் கோடோடு காசு வெளியே வரும். அந்தக் கோடு போகாது.