ரிசீவரில் இறுகிப்போன .22 பேரலைக் கழற்றுவது எப்படி

ரிசீவர் என்பது பேரலும் போல்ட்டும் பொருந்தியிருக்கும் துப்பாக்கியின் நடு உடல். முதலில் மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டை (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் நகரும் பகுதி) பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு சேம்பரை, அதாவது பேரலில் தோட்டா உட்காரும் அறையை, கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். வேலை செய்யும் மேஜையில் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. சூடேற்றும் வேலை வரப்போகிறது என்பதால் இதில் சமரசமே வேண்டாம்.

அடுத்து, பேரலை ரிசீவரில் எது பிடித்து வைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ரிம்ஃபயர் ரைஃபிள்கள் (.22 போல, தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிக்கச் செய்பவை) எல்லாம் ஒரே மாதிரி இல்லை. மார்லின் 60-இல் பேரலை அழுத்தி உள்ளே செலுத்தி, குறுக்கே ஒரு பின் அடித்திருப்பார்கள். அந்தப் பின்னை எடுக்காமல் எவ்வளவு இழுத்தாலும் பேரல் வராது. எடுத்த பிறகும் பிரஸ் தேவைப்படலாம். சிஇசட் 452-இல் பேரல் மரையிட்டு முறுக்கப்பட்டது. அதற்கு பேரல் வைஸும் ஆக்‌ஷன் ரெஞ்சும் வேண்டும். சிஇசட் 455-இல் ஸ்க்ரூக்கள் இறுக்கிப் பிடிக்கின்றன. இனி சொல்லப்போவது, 1964 முதல் தயாராகும் ரூகர் 10/22 வகைக்கு. அதன் டேக்டவுன் மாடலில் (பேரலைக் கையாலேயே பிரிக்கும் வகை) பூட்டு வேறு என்பதால் அதற்கு இது பொருந்தாது.

10/22-இல் பேரலின் பின்முனை சுமார் 17.5 மி.மீ. விட்டமுள்ள வழவழப்பான உருளை. மரை கிடையாது. பேரலின் அடியில் உள்ள வெட்டில் வி-பிளாக் என்ற சிறு கட்டை உட்கார்ந்து, 2 ஸ்க்ரூக்களால் பேரலைப் பின்னோக்கி இழுத்துப் பிடிக்கிறது. பேரல் பேண்டையும் (பேரலை ஸ்டாக்கோடு சேர்த்துப் பிடிக்கும் வளையம்) ஸ்டாக்கின் அடி ஸ்க்ரூவையும் கழற்றி, சேஃப்டியை நடுநிலையில் வைத்தால் ஸ்டாக் வெளியே வந்துவிடும். குறுக்குப் பின்கள் இரண்டையும் தட்டி ட்ரிகர் தொகுதியை எடுங்கள். போல்ட்டையும் போல்ட் ஸ்டாப் பின்னையும் எடுத்துவிடுங்கள். ஸ்கோப் இருந்தால் அதையும் கழற்றுங்கள். பிறகு 5/32 அங்குல ஆலன் கீயால் வி-பிளாக் ஸ்க்ரூக்களைத் திருகி எடுங்கள். கீ தேய்ந்திருந்தால் ஸ்க்ரூவின் தலை வழுக்கிவிடும். புதிய கீயையே பயன்படுத்துங்கள். ஸ்க்ரூக்கள் வந்த பிறகும் வி-பிளாக் தன் இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். நைலான் சுத்தியலால் மெல்லத் தட்டி அதைத் தனியாக எடுத்துவிடுங்கள். பேரல் இறுகிவிட்டதாக நினைத்துப் போராடும்போது, உண்மையில் இந்தக் கட்டைதான் விடாமல் பிடித்திருப்பதும் உண்டு.

அதற்குப் பிறகும் அசையவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் உலோகத்தில்தான் இருக்கும். ரிசீவர் அலுமினியம், பேரல் எஃகு. இரண்டுக்கும் இடையே ஈரம் புகுந்தால் அலுமினியம் அரிக்கிறது. அரிப்பில் உண்டாகும் வெள்ளைப் பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் பிடித்து ஆப்பு மாதிரி இறுக்குகிறது. புகைக்கரியும் தோட்டாவின் மெழுகும் அதோடு சேர்ந்து கெட்டியாகும். முன்பு யாராவது ஆட்டத்தைக் குறைக்க ஒட்டும் திரவம் பூசியிருக்கவும் வாய்ப்புண்டு.

துரு இளக்கும் எண்ணெயைப் பேரலும் ரிசீவரும் சேரும் கோட்டில் விட்டு, முன்முனை மேலே இருக்கும்படி நிறுத்தி, ஒரு இரவு முழுக்க விடுங்கள். காலையில் வழிந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். எண்ணெய் ஆவி தீப்பிடிக்கும்.

இப்போது சூடு. அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிகிறது. ரிசீவரும் பேரலும் ஒன்றாக 80 டிகிரி சூடேறினால் அந்த 17.5 மி.மீ. துளையில் சுமார் 0.015 மி.மீ. கூடுதல் இடைவெளி கிடைக்கும். கேட்க அற்பமாகத் தெரியும், ஆனால் இறுகிய பொருத்தத்தில் இதுவே பேரலை விடுவிக்கும். பேரல் குளிர்ந்திருந்தால் இடைவெளி இன்னும் கூடும். ஆகவே பேரலின் முன்பகுதியில் ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிவிட்டு, ஹீட் கன்னால் ரிசீவரின் முன் வளையத்தை மட்டும் சுற்றிச் சுற்றிச் சூடாக்குங்கள். ஒரு சொட்டு நீர் பட்டதும் கொதித்துப் போனால் 100 டிகிரி தாண்டிவிட்டது, அது போதும். தீச்சுவாலை வேண்டாம். பெயின்ட் கருகும், அதிகச் சூட்டில் அலுமினியத்தின் உறுதியும் குறையும். மொத்தத்தையும் ஃப்ரீசரில் வைக்கும் யோசனை தலைகீழானது. அலுமினியம்தான் அதிகம் சுருங்கும், பிடி இன்னும் இறுகும்.

சூடு ஆறுவதற்குள் பேரலை மரக்கட்டைகளுக்கு இடையே வைஸில் பிடித்து, தடித்த கையுறையோடு ரிசீவரை இடம் வலமாகச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே இழுங்கள். நேராக இழுப்பதைவிடத் திருப்புவதுதான் அரிப்புப் படலத்தை உடைக்கும். ஒரு மயிரிழை திரும்பினாலே போதும், மீண்டும் எண்ணெய் விட்டு, துடைத்து, சூடாக்கித் தொடருங்கள். நாலைந்து சுற்று ஆகலாம். நெம்ப வேண்டும் என்று ரிசீவருக்குள் இரும்புக் கம்பியை விடாதீர்கள். மேகசின் திறப்பு இருப்பதால் அடிப்பக்கம் வலுவற்றது, ரிசீவர் முறுக்கிக்கொள்ளும்.

திருப்பியும் வராவிட்டால், ரிசீவரின் அடிப்பக்க முன்முகத்தில் மரக்கட்டையை வைத்து நைலான் சுத்தியலால் இடம் வலம் மாறி மாறித் தட்டலாம். உள்ளிருந்து பேரலின் பின்முகத்தை எஃகுப் பன்ச் கம்பியால் அடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். ரிம்ஃபயர் தோட்டாவின் விளிம்பு அந்த முகத்தில்தான் உட்காருகிறது; சேம்பர் ஓரம் நசுங்கினால் தோட்டா ஏறாது, வெற்றுறையும் சிக்கும். ஒட்டும் திரவம் பூசப்பட்டிருந்தால் சூட்டில் அதன் வலு குறையும், ஆனால் முழுதாக விடுவதற்குத் தேவையான வெப்பம் பெயின்ட் அடித்த ரிசீவருக்கு ஆகாது. அந்த நிலையில் துப்பாக்கிப் பழுதுநீக்குபவரிடம் கொடுப்பதே சரி.

பேரல் வந்ததும் ரிசீவர் துளையை நைலான் பிரஷாலும் கரைப்பானாலும் மட்டும் சுத்தம் செய்யுங்கள், உப்புத்தாள் வேண்டாம். பொருத்தம் இன்னும் இறுக்கமாக இருந்தால் தேய்க்க வேண்டியது பேரலின் உருளையை, அதுவும் 600 எண் தாளில் எண்ணெய் தொட்டு, ஒவ்வொரு சில தேய்ப்புக்கும் நுழைத்துப் பார்த்து. கையால் தள்ளியதும் போய் உட்கார வேண்டும், ஆடக் கூடாது. மாட்டும்போது மெல்லிய கிரீஸ் படலம் பூசி, வெளிப்பிடுங்கி (எக்ஸ்ட்ராக்டர்) வெட்டு போல்ட்டின் கொக்கிக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்து, வி-பிளாக் ஸ்க்ரூக்களை மாறி மாறிச் சமமாக இறுக்குங்கள்.