காமா கதிர் வெடிப்பு எங்கே நடந்தது? கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்போம்

காமா கதிர் வெடிப்பு என்பது எங்கோ தொலைதூர விண்மீன் மண்டலத்திலிருந்து திடீரென்று பாய்ந்து வரும் கதிர்ப் பொழிவு. சிலது ஒரு விநாடிகூட நீடிக்காது, சிலது நிமிடக் கணக்கில் போகும். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்கள் 1967-ல் இதை முதலில் பதிவு செய்தன. எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பது அதற்கப்புறம் 30 ஆண்டுகள் புதிராகவே இருந்தது. ஆனால் திசையைக் கண்டுபிடிக்கும் கணக்கு எளிது. உயர்நிலை வகுப்பில் கோசைன் படித்தவர்கள் தாங்களே போட்டுவிடலாம். ஒரு கால்குலேட்டர், பேனாவால் எழுதக்கூடிய ஒரு பந்து, இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: நேரத்தை ஒப்பிடுங்கள்

காமா கதிரை லென்ஸ் வைத்துக் குவிக்க முடியாது, துளைத்துக்கொண்டு போய்விடும். வளிமண்டலம் அதைத் தடுத்துவிடுவதால் கருவி விண்வெளியில் இருந்தாக வேண்டும். ஆனால் கதிர் வந்து சேர்ந்த நேரத்தை மிகத் துல்லியமாகக் குறிக்கலாம். அது போதும்.

ஒரு விண்கலம் பூமிக்குப் பக்கத்தில், இன்னொன்று 15 கோடி கி.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தத் தூரத்தைக் கடக்க ஒளிக்கு 500 விநாடி ஆகும். கதிர் முதலில் தொலைவிலுள்ள கலத்தைத் தொட்டு, 250 விநாடி கழித்துப் பூமிக்கு வருகிறது. 250-ஐ 500-ஆல் வகுத்தால் 0.5. கோசைன் 0.5 உள்ள கோணம் 60 டிகிரி. ஆக, பூமியிலிருந்து அந்தக் கலத்தைப் பார்க்கும் திசைக்கு 60 டிகிரி விலகி வெடிப்பு நடந்திருக்கிறது. எந்தப் பக்கம் விலகி என்பது தெரியாது. அதனால் நமக்குக் கிடைப்பது ஒரு வட்டம். பந்தில் கலத்தின் திசைக்கு ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றி 60 டிகிரியில் வட்டம் போடுங்கள்.

இப்போது நேரத்தில் 0.1 விநாடி பிசகு என்று வைத்துப் பாருங்கள். வட்டம் 0.013 டிகிரிதான் நகரும். வேலா கலங்களுக்கு இடையே ஒளி கடக்கும் நேரம் அதிகபட்சம் 0.8 விநாடி. அங்கே அதே பிசகு 8 டிகிரியைத் தாண்டிவிடும். கலங்கள் விலக விலகத் துல்லியம் கூடுகிறது. பெரிய கண்ணாடியோ லென்ஸோ இல்லாமல், வெறும் தூரத்தை வைத்தே கூர்மையைப் பெறுகிறார்களே, இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

படி 2: இன்னொரு வட்டம்

மூன்றாவது கலம் இருந்தால் இரண்டாவது வட்டம் கிடைக்கும். இரண்டும் இரண்டு இடங்களில் வெட்டும். எது சரி என்று நான்காவது கலம் சொல்லும்.

படி 3: நிழலைப் படியுங்கள்

2004-ல் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் தனியாகவே திசை சொல்லும். அதன் உணரிகளுக்கு மேலே 50,000-க்கும் அதிகமான சிறு ஈயத் துண்டுகள் பதித்த தட்டு இருக்கிறது. வீவக வீட்டு ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் விழும் இடத்தை வைத்து வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லலாம் அல்லவா, அதே வேலைதான். அந்தத் துண்டுகளின் நிழல் விழும் வடிவத்தைக் கணினி படித்து, சில விநாடிகளில் இடத்தைச் சொல்லிவிடும். பிசகு ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூட இராது.

படி 4: பின்னொளிர்வைப் பிடியுங்கள்

வெடிப்பு அடங்கினாலும் அந்த இடம் எக்ஸ் கதிரிலும் சாதாரண ஒளியிலும் மங்கலாக மின்னிக்கொண்டிருக்கும். 1997 பிப்ரவரி 28 அன்று பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் கண்ட வெடிப்பில்தான் இந்தப் பின்னொளிர்வை முதன்முதலில் பிடித்தார்கள். நாள்கணக்கில் மங்கிக்கொண்டே போகும் என்பதால், தரையிலுள்ள தொலைநோக்கிகள் முந்திக்கொண்டு திரும்ப வேண்டும்.

படி 5: தூரத்தைக் கணக்கிடுங்கள்

2022 அக்டோபர் 9 வெடிப்பை எடுத்துக்கொள்வோம். பெயர் ஜிஆர்பி 221009ஏ. ஃபெர்மி செயற்கைக்கோள் இதைப் பதிவு செய்தபோது சிங்கப்பூர் நேரம் இரவு 9:17. தீபாவளிக்கு 15 நாள் இருந்தது. ஸ்விஃப்டின் பார்வைக்கு அந்த இடம் வந்தது 10:10 மணிக்குத்தான். பால்வீதியை ஒட்டி இவ்வளவு பிரகாசமாகத் தெரிந்ததால், நம் மண்டலத்துக்குள்ளேயே இருக்கும் ஏதோ ஒன்று என்று முதலில் நினைத்தார்கள். சிலியிலுள்ள விஎல்டி தொலைநோக்கி நிறமாலை எடுத்ததும், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்ததும், உண்மை தெரிந்தது. பிரபஞ்சம் விரிவதால் ஒளி அலை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று சொல்லும் எண்ணான சிவப்புப் பெயர்ச்சி 0.151. அதாவது ஆய்வகத்தில் 393.4 நானோமீட்டரில் இருக்கும் கால்சியக் கோடு 1.151 மடங்கு நீண்டு, 452.8-க்கு வந்துவிடும். இந்த நீட்சியை வைத்துக் கணக்கிட்டால், ஒளி சுமார் 190 கோடி ஆண்டுகள் பயணித்து வந்திருக்கிறது!

படி 6: நம் வானில் எங்கே?

அறிவிப்புகளில் நடுவரை விலக்கம் என்று ஓர் எண் இருக்கும். நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோட்டிலிருந்து அந்த இடம் எத்தனை டிகிரி வடக்கே அல்லது தெற்கே இருக்கிறது என்பதுதான் அது. இந்த வெடிப்புக்கு அது வடக்கு 19.8 டிகிரி. சிங்கப்பூர் இருப்பது வடக்கு 1.3 டிகிரியில். வித்தியாசம் 18.5. அதை 90-லிருந்து கழித்தால் 71.5. நம் வானில் அந்த இடம் ஏறும் அதிகபட்ச உயரம் இதுதான். அன்று ஏழு மணி வாக்கில் அந்த உச்சியைத் தாண்டி, 9:17-க்கு வடமேற்கில் ஏறத்தாழ 53 டிகிரி உயரத்தில் இருந்தது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், அநேகமாக எந்தத் திசையில் வெடித்தாலும் அந்த இடம் ஏதாவது ஒரு நேரம் நம் தொடுவானத்துக்கு மேலே வந்தே தீரும்.

சரி, இப்போது நீங்கள் போட்டுப் பாருங்கள். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியது பதிவானது. மோதலில் கிளம்பிய ஈர்ப்பலைகள் (வெளியையே அதிரவைக்கும் அலைகள்) வந்து 1.7 விநாடி கழித்துக் காமா கதிர் வந்தது. இடம் என்ஜிசி 4993 என்ற விண்மீன் மண்டலம், நடுவரை விலக்கம் தெற்கு 23.4 டிகிரி. தெற்கு வானில் 65.3 வந்தால் உங்கள் கணக்கு சரி.