மைக்ரோநேஷன்ல சட்டசபைத் தேர்தல் நடத்துறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

அஞ்சாறு பேரு சேர்ந்து மைக்ரோநேஷன், அதாவது வேற எந்த நாடும் அங்கீகரிக்காத ஒரு குட்டி நாடு அறிவிக்கறது இன்னைக்கு ரொம்ப ஈசி. கொடி வரைஞ்சிடலாம், டிஸ்கார்ட்ங்கற சாட் ஆப்ல ஒரு சர்வர் போட்டா தலைநகரமும் ஆச்சு. சிக்கல் எங்க வருதுன்னா முதல் சட்டசபைத் தேர்தல்லதான். நிஜ நாட்டுல தேர்தல்ல தோத்தவன் எங்கயும் போயிட முடியாது, வீடு வாசல் ரேஷன் கார்டு எல்லாம் அங்கதான் இருக்கு, அஞ்சு வருஷம் பொறுத்துக்கிட்டு அடுத்த தடவை பாத்துக்கலாம்னு இருப்பான். மைக்ரோநேஷன்ல தோத்தவன் லாக் அவுட் பண்ணிட்டுப் போயிடுவான், கூடவே நாலு பேரையும் கூட்டிட்டுப் போயிடுவான், அவ்ளோதான் நாடு காலி. அதனால ஜெயிச்சவங்களை வச்சு தேர்தல் நல்லா நடந்துச்சான்னு பாக்காதீங்க, தோத்தவங்க மறுநாள் காலைல அங்க இருக்காங்களான்னு பாருங்க.

முதல் பெரிய தப்பு, நாட்டை ஆரம்பிச்சவரே எல்லாமா இருக்கறது. அவரே மன்னர், அவரே தேர்தல் அதிகாரி, ஒரு கட்சிக்குத் தலைவரும் அவரே, ஓட்டு எண்ற ஷீட்டும் அவர் டிரைவ்லதான் இருக்கும். அவர் தங்கமான ஆளாவே இருக்கட்டும், தோத்தவனுக்கு சந்தேகம் வரத்தான் செய்யும்.

இதுக்கு டலோஸா கதையைப் படிங்க. 1979 டிசம்பர் 26 அன்னைக்கு அமெரிக்காவுல மில்வாக்கி நகரத்துல ராபர்ட் பென் மேடிசன்னு ஒரு 14 வயசுப் பையன் தன்னோட பெட்ரூமையே தனி ராஜ்யமா அறிவிச்சது அது. 90கள்ல வெப்சைட் வந்தப்புறம் பல ஊர்லேர்ந்தும் ஆளுங்க குடிமக்களா சேர்ந்தாங்க, கட்சிகள் வந்துச்சு, ரெண்டு அவை இருக்கற பார்லிமென்ட், பிரதமர்னு நிஜமாவே அரசியல் நடந்துச்சு. ஆனா 2004ல மேடிசனோட ஒத்துப் போகாத ஒரு கூட்டம் வெளியேறி தனிக் குடியரசுன்னு அறிவிச்சிடுச்சு, மேடிசனும் அடுத்து விலகிட்டாரு, அந்தக் குடியரசு திரும்ப ராஜ்யத்தோட சேர்றதுக்கு 2012 ஆயிடுச்சு. ஓட்டுப் பெட்டி இருந்தும் எட்டு வருஷம் ரெண்டா கிடந்திருக்கு. ஆரம்பிச்சவருக்கு எவ்வளவு அதிகாரம், எங்க நிறுத்தணும்னு தேர்தலுக்கு முன்னாடியே எழுதி வைக்கணும். தேர்தல் அதிகாரியா இருக்கறவர் போட்டியிடவும் கூடாது, எந்தக் கட்சிக்கும் பிரசாரம் பண்ணவும் கூடாது.

அடுத்தது வாக்காளர் பட்டியல். சைன் அப் பண்ணவங்க எல்லாம் வாக்காளர்னு நினைக்கறது ரொம்பப் பொதுவான தப்பு. அஸ்கார்டியான்னு விண்வெளி நாடு ஒண்ணு, இகோர் அஷுர்பெய்லி 2016 அக்டோபர்ல அறிவிச்சாரு, சில நாள்லயே லட்சத்துக்கும் மேல பேர் பதிஞ்சாங்க. ஆனா ஒரு பட்டனை அமுக்கறது வேற, ஆள் நிஜமா இருக்காரா, ஒருத்தரே ரெண்டு தடவை பதிஞ்சிருக்காரான்னு சரிபாத்து பட்டியல் போடறது வேற. அவங்க 2018ல 150 சீட்டுக்குப் பார்லிமென்ட் தேர்தல் நடத்தினாங்க, அதுலயும் நாடு வாரியா தொகுதி பிரிக்காம 13 மொழி வாரியா சீட்டு ஒதுக்கினாங்க, நிலமே இல்லாத நாட்டுக்கு இது உண்மையிலேயே யோசிச்சுப் பண்ண ஏற்பாடுன்னு எனக்குத் தோணுது. பிரிட்டன்ல எம்.பி.யா இருந்த லெம்பிட் ஓபிக்தான் அந்தப் பார்லிமென்ட்டுக்குத் தலைவரா வந்தாரு.

சின்ன நாட்டுல ஃபேக் ஐடி பிரச்சனை இன்னும் மோசம். 30 ஓட்டு இருக்கற இடத்துல ரெண்டு கள்ள ஓட்டு விழுந்தா ஆட்சியே மாறும். தேர்தல் அறிவிக்கற அன்னைக்கே பட்டியலை மூடுங்க, மூடின பட்டியலை எல்லாரும் பாக்கற மாதிரி போடுங்க, ஆட்சேபம் சொல்ல ஒரு வாரம் டைம் குடுங்க. ஓட்டுப்பதிவு நடுவுல புதுசா ஆள் சேர்த்தீங்கன்னா அந்த ஆள் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் பிரச்சனைதான்.

சீட்டு எண்ணிக்கை விஷயத்துல நிறைய பேர் கோட்டை விடறாங்க, அதனால இதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன். சும்மா ஒரு கணக்குக்கு 34 பேர் ஓட்டுப் போட்டாங்கன்னு வைங்க, அ கட்சிக்கு 18, ஆ கட்சிக்கு 11, இ கட்சிக்கு 5. ஓட்டு விகிதப்படி சீட்டு பிரிக்கற டோன்ட் முறைல ஒவ்வொரு கட்சி ஓட்டையும் 1, 2, 3ன்னு வகுத்துக்கிட்டே போயி பெரிய எண்ணுலேர்ந்து வரிசையா சீட்டு குடுப்போம். 18, 11, 9, 6, 5.5, 5, 4.5, அப்புறம் ஆ கட்சியோட 3.67, அதுக்கடுத்து அ கட்சியோட 3.6. இப்ப சட்டசபைக்கு எட்டு சீட்டுன்னா அ 4, ஆ 3, இ 1. பாதிக்கு மேல ஓட்டு வாங்கின அ கட்சிக்கு மெஜாரிட்டி இல்ல, கூட்டணி தேடி அலையணும். ஒன்பது சீட்டுன்னா அ 5, ஆ 3, இ 1, தனியாவே ஆட்சி. ஒரே ஓட்டு, ஒரே முறை, ஒரு சீட்டு வித்தியாசத்துல கதையே மாறிடுது பாருங்க. ஓட்டு எண்ணினப்புறம் "எட்டா வச்சுக்கலாமா ஒன்பதா வச்சுக்கலாமா"ன்னு யாராவது பேச ஆரம்பிச்சா அது நியாயமான பேச்சா இருக்கவே முடியாது. எத்தனை சீட்டு, எந்த முறை, சமமா வந்தா என்ன பண்றது, மூணையும் வேட்புமனு வாங்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும். ஒற்றைப்படை எண் வச்சுக்கறது நல்லது.

கூடவே இன்னொண்ணு, 34 பேருக்கு 50 சீட்டு சட்டசபை வைக்காதீங்க, உட்கார ஆளே கிடைக்காது. டலோஸாவோட கீழவை கோஸாவுல 200 சீட்டு இருக்கேன்னு கேக்கலாம், ஆனா அங்க 200 பேர் கிடையாது, கட்சி வாங்கின ஓட்டு விகிதத்துக்கு சீட்டைப் பிரிச்சுக் குடுப்பாங்க, ஒரே உறுப்பினர் பல சீட்டை வச்சுக்கிட்டு அத்தனைக்கும் சேர்த்து ஓட்டுப் போடுவாரு. விகிதம் துல்லியமா வரும், ஆளும் கம்மியா போதும். அழகான யோசனை, காப்பி அடிக்கறதுல தப்பே இல்ல.

ஓட்டுக்கு எடை போடறதை சாதாரணமா எடுத்துக்கறதும் தப்பு. குரோஷியாவுக்கும் செர்பியாவுக்கும் நடுவுல டான்யூப் கரைல சுமார் 7 சதுர கிலோமீட்டர் நிலத்தை விட் யெட்லிச்கா 2015 ஏப்ரல் 13 அன்னைக்கு லிபர்லேண்டுன்னு அறிவிச்சாரு. அங்க தேர்தல் பிளாக்செயின்லதான் (பல கம்ப்யூட்டர்ல பரவிக் கிடக்கற டிஜிட்டல் பதிவேடு), டோக்கன், அதாவது அந்த நாட்டு கிரிப்டோ காசு எவ்வளவு பூட்டி வச்சிருக்கீங்களோ அதுக்கேத்த மாதிரி ஓட்டுக்கு எடை. 2024 அக்டோபர்ல ட்ரான் கிரிப்டோ கம்பெனியை ஆரம்பிச்ச ஜஸ்டின் சன் பிரதமரா வந்தாரு. டெக்னிக்கலா கள்ள ஓட்டைத் தடுக்க இது நல்ல வழிதான், ஆனா பணம் வச்சிருக்கறவன் குரல்தான் சத்தமா கேக்கும், எனக்கு இதுல உடன்பாடு இல்ல. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுதான்னா அதை அரசியல் சாசனத்துலயே எழுதிடுங்க, பின்னாடி யாரும் நன்கொடையைக் காட்டி கூடுதல் ஓட்டு கேக்க முடியாது.

சின்னச் சின்ன விஷயமும் இருக்கு. ஓட்டுப்பதிவு நள்ளிரவு முடியும்னு மட்டும் எழுதாதீங்க, எந்த ஊர் நள்ளிரவுன்னு எழுதுங்க, குடிமக்கள் ஒருத்தர் சிட்னில இருப்பாரு இன்னொருத்தர் சிகாகோல இருப்பாரு. கூகுள் ஃபார்ம்ல நடத்தினா அனுப்பின ஓட்டைத் திருத்தற ஆப்ஷனை ஆஃப் பண்ணுங்க. யாரு யாருக்குப் போட்டாங்கன்னு அதிகாரிக்குத் தெரியுமா தெரியாதான்னு முன்னாடியே சொல்லிடுங்க. முடிவு வந்ததும் எண்ணிக்கை முழுசையும் வெளியிட்டு, சர்வருக்கு வெளியிலயும் ஒரு காப்பி வைங்க, சர்வர் போச்சுன்னா வரலாறும் போயிடும்.

வெளில இருந்து பாக்கறவங்க பண்ற தப்பும் ஒண்ணு ரெண்டு இருக்கு. இத்தாலில செபோர்கா கிராமத்துல 1995ல தனி அரசுக்கு ஆதரவா 304 ஓட்டு, எதிரா 4 ஓட்டு விழுந்துச்சு. 2019ல நீனா மெனகட்டோவை இளவரசியா தேர்ந்தெடுத்தாங்க. ஆனா அந்தக் கிராமத்துக்கு இத்தாலி சட்டப்படி மேயரும் தனியா உண்டு, ரெண்டு தேர்தலையும் ஒண்ணாக்கிப் பேசக் கூடாது. அதே மாதிரி நாடு கடந்த தமிழீழ அரசாங்கம் 2010ல பல நாட்டுல தேர்தல் நடத்தினதை மைக்ரோநேஷன் லிஸ்ட்டுல சேர்க்கறவங்க இருக்காங்க. போர்ல எல்லாத்தையும் இழந்து சிதறின ஒரு மக்களோட அரசியல் அது, இந்த லிஸ்ட்டுல அதுக்கு இடமே இல்ல.

கடைசியா, தேர்தல் வச்சே ஆகணும்னும் இல்ல. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன்ல 1971லேர்ந்து இருக்கற கிறிஸ்டியானியாங்கற தன்னாட்சிக் குடியிருப்புல பொதுக்கூட்டம் போட்டு எல்லாரும் ஒத்துக்கற வரைக்கும் பேசித்தான் முடிவெடுக்கறாங்க, ஓட்டெடுப்பு கிடையாது. உங்க நாட்டுல மொத்தமே பத்து பேர்தான்னா அரசாங்கம் எதிர்க்கட்சின்னு பிரிக்க வேண்டாம், மாசம் ஒரு பொதுக்கூட்டம் போடுங்க, பட்டியல்ல முப்பது பேர் சேரட்டும், அப்புறம் தேர்தல் அதிகாரியைத் தேடலாம்.